மருந்து போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ.: வாகரையிலிருந்து புறப்படுமுன்

எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குத் திகதி கிடைத்ததும் நம் பக்கத்தில் முதலில் வரும் யோசனை பயணம்தான். வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகரம் 60 கிலோமீற்றருக்கு மேல். கதிரவெளிக்காரருக்கு இன்னும் கூட. எத்தனை மணி பஸ்ஸைப் பிடிப்பது, கூட யார் வருவது, பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று வீடே பேசிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சோடு சேர்த்து இன்னொன்றையும் பேசிவிட வேண்டும். ஸ்கான் ஆபத்தில்லாமல் முடிவதற்கு வேண்டிய தகவல்களில் பெரும்பகுதி வைத்தியசாலையில் இல்லை, நம் வீட்டில் இருக்கிறது: கிளினிக் கொப்பியில், அலுமாரிக்கு மேலே கிடக்கும் பழைய எக்ஸ்றேயில், உடம்பிலுள்ள தழும்பில். அவற்றைக் கொண்டுபோகாமல் போனால் ஒன்று, திருப்பி அனுப்புவார்கள். மற்றது, யாருக்கும் தெரியாமலே ஆபத்துக்குள் போய்ப் படுப்போம்.

காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும்

எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் எக்ஸ்றேக் கதிர் இல்லை. "அடிக்கடி எடுத்தால் கதிர் பட்டு உடம்பு கெடும்" என்ற பயம் இந்த ஸ்கானுக்குப் பொருந்தாது. இங்கே உள்ளது காந்தமும் ரேடியோ அலையும். வைத்தியசாலைகளில் அதிகம் காணப்படும் இயந்திரத்தின் காந்தவலு 1.5 டெஸ்லா. அது பூமியின் காந்தத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். இரவிலும் விடுமுறை நாளிலும் ஸ்கான் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் அப்படியே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் நோயாளியுடன் வந்த உறவினர் ஒருவர் ஒட்சிசன் சிலிண்டரோடு ஸ்கான் அறைக்குள் போனார். காந்தம் அவரையும் சிலிண்டரையும் சேர்த்து இழுத்தது, அவர் இறந்துபோனார். நோயாளிக்குத் துணையாகப் போகிறவரும் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

காசு, திறப்பு, போன், மணிக்கூடு, இடுப்புப்பட்டி எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்வார்கள். நம்மவர்களிடம் தவறிப்போவது வேறு பொருட்கள்: சேலையில் குத்திய ஊசி, கொண்டை ஊசி, இடுப்பில் கட்டிய தாயத்து, பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கோத்தவை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் தாலிக்கொடியைக் கழற்றத்தான் சொல்வார்கள். அது சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அங்கே போய்த் தடுமாறாமல், முதல்நாளே வீட்டில் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுப் போவது நல்லது.

உடம்புக்குள் கிடக்கும் துண்டு

வாகரைக்கு எழுதும் வழிகாட்டியில் இதை நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த சனங்களின்மேல் ஷெல் விழுந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் காயப்பட்டவர்கள் எத்தனையோ பேர். எடுக்கப்போனால் நரம்பு பாதிக்கும், இரத்தம் பெருகும் என்று வைத்தியர்கள் உள்ளேயே விட்ட துண்டுகளோடு இன்றும் வயல் செய்கிறவர்களும் வலை இழுக்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது நாரி நோ, தலைச்சுற்று, கைகால் விறைப்பு என்று எம்.ஆர்.ஐ. தேவைப்படும் வயது வந்துவிட்டது.

ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு, காந்தம் இழுக்கும். துவக்குச் சன்னம் ஈயத்துக்குச் செம்பு போர்த்ததென்றால் அது அநேகமாக இழுபடாது. ஆனால் நடுவில் உருக்கு வைத்த சன்னங்களும் உண்டு. தசைக்குள் பல வருடம் கிடந்த துண்டைச் சுற்றித் தழும்பு கட்டிப் பிடித்திருக்கும். ஆகவே தொடையிலோ தோளிலோ கிடக்கும் பழைய துண்டுக்காக ஸ்கானையே மறுப்பார்கள் என்றில்லை. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கிடப்பதுதான் வேறு கதை. கண்ணுக்குள் இருக்கும் துகளைப் பிடித்து வைத்திருக்க அப்படி ஒரு தழும்பு கட்டுவதில்லை. கண்ணுக்குள் சிறிய இரும்புத் துகள் இருப்பது தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்த ஒருவர், உள்ளே இரத்தம் கசிந்து அந்தக் கண்ணின் பார்வையை இழந்தது 1986-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. வெல்டிங், கிரைண்டர் வேலை செய்பவர்களும் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டிருந்தால் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள். துண்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று அது காட்டிவிடும்.

கதை அநேகமாக இப்படித்தான் போகும். "அம்மா, உடம்புக்குள்ள கம்பி, பிளேட், இரும்பு ஏதும் இருக்கா?" என்று தாதி கேட்பார். "இல்ல மனே" என்று பதில் வரும். உடுப்பு மாற்றும்போது முழங்காலுக்கு மேலே உள்ள தழும்பைக் கண்டு மறுபடி கேட்டால், "ஓம், அதுக்குள்ள ஷெல் துண்டொண்டு கிடக்கு. அது பழசு மனே, இப்ப நோகுறல்ல" என்பார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. "இரும்பு" என்று கேட்டபோது அந்தத் துண்டு அவருடைய நினைவுக்கே வரவில்லை. இத்தனை வருடத்தில் அது அவருடைய காலின் ஒரு பகுதியாகிவிட்டது.

தெரிந்தே சொல்லாதவர்களும் உண்டு. எங்கே பட்டது, எப்போது பட்டது, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பேச்சு விசாரணையாக மாறிவிடுமோ என்ற பயம் அது. அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருந்தன, அதைச் சின்ன விடயமாக நான் எண்ணவில்லை. ஸ்கான் எடுப்பவருக்கு வேண்டியது துண்டு கிடக்கும் இடமும் அதன் அளவும் மட்டும். எப்படிப் பட்டது என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. "வலது தொடையில் இரும்புத் துண்டு இருக்கிறது" என்ற ஒரு வசனம் போதும். அதையும் வாயால் சொல்லத் தயக்கமென்றால், உங்களை அனுப்பும் வைத்தியரிடம் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஸ்கான் அறையில் நிரப்பும் படிவம் உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால், யாராவது தமிழில் ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை, கேட்டால் யாரும் கோபிக்கக்கூடாது.

இதயத்தில் பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் கருவி, எலும்பில் பிளேட் வைத்தவர்கள் அந்த ஒப்பரேஷன் செய்த இடத்தில் கொடுத்த துண்டுச்சீட்டைக் கொண்டுபோக வேண்டும். இன்றைய எலும்புப் பிளேட்டுகளில் பெரும்பாலானவை காந்தம் இழுக்காத உலோகம். பேஸ்மேக்கரும் மூளைக் கிளிப்பும் அப்படியல்ல, அவற்றின் வகை தெரியாமல் உள்ளே அனுப்பவே மாட்டார்கள்.

ஏன் ஊசி, எப்போது தேவையில்லை

சிலருக்கு ஸ்கானின் நடுவே கையில் ஒரு ஊசி மருந்து ஏற்றுவார்கள். "மருந்து போட்டு எடுக்கிற ஸ்கான்", "கொன்ட்ராஸ்ட்" என்பது இதைத்தான். இந்த மருந்தின் உயிர்நாடி கடோலினியம் என்ற உலோகம், மூலக அட்டவணையில் 64ஆம் இலக்கம். பக்கத்திலுள்ள நீர் மூலக்கூறுகள் காந்தத்துக்குள் நடந்துகொள்ளும் விதத்தை அது மாற்றிவிடும். கட்டி, கிருமித்தொற்று, அழற்சி போன்று இரத்தம் அதிகம் பாயும், கசியும் இடங்கள் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, மருந்தின் வகையைப் பொறுத்து, வழமையாக 6 அல்லது 12 மில்லிலீற்றர்தான் ஏற்றுவார்கள்.

எல்லா ஸ்கானுக்கும் இது வேண்டியதில்லை. நாரியில் தட்டு விலகியதா, முழங்காலில் சவ்வு கிழிந்ததா, பாரிசவாதமா என்று பார்க்கப் பெரும்பாலும் மருந்தில்லாத படமே போதும். மூளைக் கட்டி, மூளைக்காய்ச்சல், முள்ளந்தண்டில் சீழ், புற்றுநோய் பரவியிருக்கிறதா என்ற சந்தேகம் ஆகியவற்றில் மருந்து போட்ட படம் இல்லாமல் முடிவு சொல்வது கடினம். உங்களை அனுப்பும் வைத்தியரிடம் "டொக்டர், மருந்து போடாமல் எடுத்தால் போதுமா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "போதாது" என்று அவர் சொன்னால் காரணத்தையும் சொல்வார்.

தனி அயனாகக் கடோலினியம் நஞ்சு. அளவில் அது கல்சியம் அயனை ஒத்திருப்பதால் கல்சியம் வேலை செய்யும் இடங்களில் புகுந்து குழப்பும். அதனால்தான் மருந்தில் அதை இன்னொரு மூலக்கூறு பிடித்து வைத்திருக்கிறது. பிடித்திருக்கும் விதம் இரண்டு. பழைய வகை எனப்படும் மருந்துகளில் கயிற்றால் சுற்றியதுபோலப் பிடி, நேரம் போகப்போக நழுவலாம். உறுதியான வகை எனப்படுபவற்றில் நண்டுக் கூட்டுக்குள் விழுந்த நண்டைப்போல நாலு பக்கமும் அடைப்பு, வெளியே வருவது மிகக் கடினம். முதல் வகைக்கு உதாரணம் கடோடயமைட். இரண்டாம் வகைக்குக் கடோபியூட்ரோல், கடோட்டெரேட், கடோட்டெரிடோல். இந்தப் பெயர்களைப் பாடமாக்கத் தேவையில்லை, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும்.

சிறுநீரகம்

மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் பிரதான வழி சலம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் உள்ளதில் பாதி போய்விடும், ஒரு நாளைக்குள் 90 வீதத்துக்கு மேல் வெளியே. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவருக்கு அந்தப் பாதி போகவே ஒரு நாளுக்கு மேல் எடுக்கலாம். அவ்வளவு நேரம் உடம்பில் தங்கினால் பழைய வகை மருந்தின் பிடி நழுவ நேரம் கிடைத்துவிடுகிறது.

அதன் விளைவை உலகம் தாமதமாகத்தான் கண்டது. இந்த ஊசி 1988 முதல் பாவனையில் இருந்தது. 1997-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிறுநீரக நோயாளிகள் சிலருக்குக் கைகால் தோல் தடித்து, மரம்போல் இறுகி, மூட்டுகள் மடங்க முடியாமற்போனது. காரணம் தெரியவில்லை. 2006-இல் ஒஸ்ரியாவிலும் டென்மார்க்கிலும் வைத்தியர்கள் இதே நோய் வந்த தங்கள் நோயாளிகளின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோதுதான், அவர்களெல்லாம் முன்பு கடோலினியம் ஊசி பெற்றவர்கள் என்று தெரிந்தது. என்.எஸ்.எப். என்று வைத்தியர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நோய் தோலோடு நிற்காது. இதயம், சுவாசப்பைவரை போய்ச் சிலரைக் கொன்றும் இருக்கிறது. 2007-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்த மருந்துகளின் விபரக்குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை அச்சிட வைத்தது. அதன்பின் சிறுநீரகத்தைச் சோதித்து, மருந்தின் வகையையும் மாற்றியதால் புதிய நோயாளிகள் மிக அரிதாகிவிட்டார்கள். 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சிறுநீரகம் கடுமையாகப் பழுதான 4,931 பேருக்கு, இந்த நோய் வரும் ஆபத்து மிகக் குறைவு என்று வகுக்கப்பட்ட மருந்துகள் ஏற்றப்பட்டதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இந்த நோய் வரவில்லை.

ஆகவே கிட்னி வருத்தக்காரர் பயந்து ஸ்கானையே விட்டுவிட வேண்டாம். பயப்பட வேண்டியது, தன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் போவதற்குத்தான். சீனி வருத்தமும் பிறஷரும் பல வருடமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகும். மேற்கே எல்லை தாண்டினால் பொலன்னறுவை. வட மத்திய மாகாணத்து விவசாயிகளை 1990களிலிருந்து வாட்டும், காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய்க்காக அங்கே 2021-இல் தனியாக ஒரு தேசிய வைத்தியசாலையே திறக்க வேண்டி வந்தது. அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், அங்கே வருடக்கணக்கில் வயல் செய்தவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் நோய்க்குறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

சோதனை ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைதான்: சீரம் கிறியாட்டினின். துண்டில் வரும் இலக்கத்தை மட்டும் பார்த்து "நோர்மல்தானே" என்று மடித்து வைப்பதில்தான் தவறு நடக்கிறது. டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் என்று இரண்டு பேருக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வயதுப் பொடியனுக்கு அது சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் 86 அளவில் இருப்பதைக் காட்டும், கவலையில்லை. அதே 1.2, 65 வயது அம்மாவுக்கு என்றால் வேகம் 50தான். அம்மாவின் கிறியாட்டினின் 2.0 ஆகும்போது அது 27க்கு இறங்கிவிடும். இந்த வேகத்தை ஈ.ஜி.எப்.ஆர். என்பார்கள், வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுவது. 30க்குக் கீழே போனால் பழைய வகை மருந்து கூடவே கூடாது. உறுதியான வகையையும் தேவையை நன்றாக யோசித்துத்தான் போடுவார்கள். துண்டில் லீற்றருக்கு மைக்றோமோல் என்ற கணக்கில் இருந்தால் 88.4ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்: 106 என்பது 1.2, 177 என்பது 2.0.

திகதிக்கு முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்து, துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். இடையில் வயிற்றோட்டம், கடும் காய்ச்சல், எலிக்காய்ச்சல், பாம்புக்கடி ஏதும் வந்திருந்தால் பழைய துண்டு செல்லாது. சிறுநீரகம் திடீரென்று அடிபட்டிருக்கலாம், மறுபடி பார்க்க வேண்டும். இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்கள் ஸ்கான் முடிந்த கையோடு அடுத்த டயலிசிஸ் வரும்படி நாளை ஒழுங்குபடுத்தச் சொல்ல வேண்டும். ஒரு டயலிசிஸில் மருந்தின் முக்கால் பங்குக்கு மேல் வெளியேறும், மூன்றாவதில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும்.

மூளையில் தங்குவது பற்றி

2014-இல் ஜப்பானிய வைத்தியர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். பல தடவை இந்த ஊசி பெற்றவர்களின் மூளையில், சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தும், சில இடங்களில் கடோலினியம் தங்கியதற்கான அடையாளம் தெரிந்தது. பழைய வகை மருந்தில்தான் இது அதிகம். 2017-இல் ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் பழைய வகையில் பலவற்றின் பாவனையை நிறுத்தவும், ஓரிரண்டை ஈரல் ஸ்கானுக்கு மட்டும் விட்டுவைக்கவும் முடிவெடுத்தது. இப்படித் தங்குவதால் மூளைக்குக் கெடுதி வந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கும், வருடாவருடம் ஸ்கான் எடுக்க வேண்டியவர்களுக்கும் உறுதியான வகையைக் கேட்டு வாங்குவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். எந்த மருந்து கையிருப்பில் இருக்கும் என்பது இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். கேட்டால்தான் தெரியும்.

இறால் ஒத்துக்கொள்ளாதவர்களும் மற்றவர்களும்

வாவிக்கரையில் இந்தக் கேள்வி வராமல் இராது: "எனக்கு இறால், நண்டு ஒத்துக்காது, இந்த ஊசி போடலாமா?" போடலாம். இறாலுக்கும் நண்டுக்கும் உடம்பு சீறுவது அவற்றிலுள்ள ஒரு புரதத்துக்காக. சி.ரி. ஸ்கானுக்குப் போடும் மருந்தில் அயடீன் இருப்பதாலும் கடலுணவிலும் அயடீன் இருப்பதாலும் யாரோ முடிச்சுப் போட்ட பழைய நம்பிக்கை அது, சி.ரி. மருந்துக்கே அது பொருந்தாது. எம்.ஆர்.ஐ. மருந்தில் அயடீன் கிடையவே கிடையாது.

கட்டாயம் சொல்ல வேண்டியது, முன்பு இதே எம்.ஆர்.ஐ. ஊசிக்கு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா என்பதை. தொய்வு வருத்தம் உள்ளவர்களும், வேறு மருந்துகளுக்கு ஒவ்வாமை கண்டவர்களும் சொல்லிவிட வேண்டும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக மிக அரிது, பத்தாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டுவதில்லை. வந்தால் நிமிடங்களில் வரும், ஸ்கான் அறையில் அதற்கான மருந்து தயாராக இருக்கும்.

வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள், நாள் தள்ளிப்போனவர்கள் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். மருந்தில்லாத எம்.ஆர்.ஐ. கர்ப்பத்தில் எடுக்கலாம். கடோலினியம் போட்டு எடுத்தவர்களின் பிள்ளைகளில் தோல், மூட்டு அழற்சியும் செத்துப்பிறப்பும் அதிகம் என்று 2016-இல் கனடாவின் ஒன்ராறியோவில் செய்த பெரிய ஆய்வு காட்டியது. தாயின் உயிருக்கே தேவை என்றால் ஒழிய இந்த ஊசியைத் தவிர்ப்பார்கள். பால் கொடுக்கும் தாய் நிறுத்த வேண்டியதில்லை. ஏற்றிய மருந்தில் 0.04 வீதம்கூடப் பாலுக்கு வருவதில்லை, வருவதிலும் பிள்ளையின் குடல் எடுப்பது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

அன்றைய நாள், திரும்பி வரும் பாதை

வைத்தியர் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் பட்டினி கிடக்கத் தேவையில்லை. பிறஷர்க் குளிசை, சீனிக் குளிசையை வழமைபோல் எடுங்கள். ஊசி ஏறும்போது கை குளிர்வதும், வாயில் இரும்பு கடித்ததுபோல் ருசி வருவதும், இலேசாகக் குமட்டுவதும் வழமை, ஓரிரு நிமிடத்தில் போகும். ஊசி போட்ட இடம் வீங்கி எரிந்தால், தொண்டை இறுகினால், உடம்பு கடித்தால் பொறுத்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். கையில் ஒரு பந்து தந்திருப்பார்கள். அதை அமுக்கினால் உடனே வெளியே எடுப்பார்கள்.

ஸ்கான் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். ஒவ்வாமை வருவதென்றால் பெரும்பாலும் முதல் அரை மணிக்குள் வந்துவிடும். அந்த அரை மணியை வைத்தியசாலைக்குள்ளேயே இருங்கள். வாழைச்சேனை தாண்டினால் ஏ15 வீதியில் ஆள் நடமாட்டம் குறைந்த நீண்ட துண்டுகள் உண்டு, அங்கே மூச்சு முட்டினால் உதவி வர நேரம் எடுக்கும். வழியில் அப்படி ஏதும் நடந்தால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். வந்தவரிடம் "இன்று எம்.ஆர்.ஐ. ஊசி போட்டார்கள்" என்று முதலில் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் தோல் கடித்துத் தடிப்பது ஓரிரு நாளில் வரலாம், வாகரை வைத்தியசாலையிலேயே காட்டலாம். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் கிழமைகள், மாதங்கள் கழித்தும் கைகால் தோல் வீங்கி, எரிந்து, இறுகுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

புறப்படுமுன் ஏற்றிய மருந்தின் பெயரையும் அளவையும் கிளினிக் கொப்பியில், கிறியாட்டினின் இலக்கத்துக்குப் பக்கத்தில், திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வாமை ஏதும் வந்திருந்தால் அதையும் அதே வரியில் எழுதுவியுங்கள். அடுத்த தடவை வேறு மருந்து தெரிவு செய்வதா, மருந்தே வேண்டாமா என்று முடிவெடுக்கப்போகும் வைத்தியர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.